காதோரச் சூடு

இட்லியைப் பிட்டு வாயருகே கொண்டுபோன குகன் அப்படியே நிறுத்தினான். வான்மதியின் கைக்கடிகாரம் கிணுகிணுத்தது. அவனுடைய இடது காதுக்குப் பின்னால், தோலுக்கு அடியில் எலும்பில் பதித்திருந்த சில்லு மறுபடியும் சூடாகிவிட்டது.

அவள் ஓடிப்போய் ஈரத்துணி எடுத்துவந்து காதோரம் ஒற்றினாள். அவன் வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. ஒரு சத்தமும் வரவில்லை.

"பேச வேண்டாங்க. சித்த நேரம் எதையும் நெனைக்காதீங்க," என்றாள்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. கட்டின புருஷனிடம் நினைக்காதே என்று கேட்கிற நிலைமைக்கு வந்தாயிற்று.

போன ஆடியில் குகனுக்கு மூளையில் ரத்தம் கசிந்தது. உயிர் பிழைத்தது, கை கால் ஏறக்குறைய சரியாயிற்று, வார்த்தைகள்தாம் போய்விட்டன. என்ன சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். அந்தச் சொல்லின் தொடக்கம்கூட நாக்கு நுனியில் வந்து நிற்கும். மீதி வராது. எழுதவும் வராது. அதற்காகத்தான் அந்தச் சில்லு. ஊரில் எல்லோரும் காதில் மாட்டிக்கொண்டு திரிகிற பேசுகருவி, தன்னை மாட்டியிருப்பவர் பேசியதையெல்லாம் சேமித்து வைத்திருக்குமல்லவா? குகன் ஏழு வருஷமாகப் பேசிய அத்தனையையும் அந்தச் சில்லுக்குள் அடைத்திருந்தார்கள். நரம்பிலிருந்து சொல்லின் தொடக்கத்தை வாங்கி, அதே சொல்லை அவன் முன்பு எங்கே சொல்லியிருக்கிறான் என்று தேடிப் பிடித்து, நாக்குக்கு அனுப்பும். அவன் சொன்னதையே அவனுக்குத் திருப்பிக் கொடுப்பதுதான் அதன் வேலை.

தேடுகிற பாரத்தை முதலில் சில்லைச் செய்த கம்பெனியின் பெரிய கணினிகள் சுமந்தன. தை மாதம் கம்பெனி கடையை மூடிவிட்டது. போகிற போக்கில் ஒப்புக்கு ஒரு தேடல் நிரலைச் சில்லுக்குள் திணித்து, இனி அதுவே தேடிக்கொள்ளட்டும் என்று கைகழுவிவிட்டார்கள். அன்றிலிருந்துதான் சூடு.

திங்கட்கிழமை டாக்டர் ஜெசிந்தா சுற்றி வளைத்துப் பேசவில்லை.

"ரெண்டு டிகிரி ஏறினாலே சுத்தி இருக்கற மூளைச் செல்லெல்லாம் வாடும் வான்மதி. இப்படியே விட்டா கையும் காலும் மறுபடி போயிரும். வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கறேன். சூடு எறங்கலைன்னா எடுத்துருவேன்."

"எடுத்துட்டு, பின்னாடி வேற ஒண்ணு வெக்க முடியாதுங்களா?"

"தழும்பு மேல வெச்சா அதுக்கு நரம்பு சொல்றது ஒண்ணும் கேக்காது. எடுத்தா எடுத்ததுதான்."

குகன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் காது கேட்கும், அறிவு தெளிவு. அதுதான் கொடுமை. அவனுடைய அக்கா தமயந்தி தம்பியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

வான்மதி தான் முயன்று பார்க்கிறேன் என்றாள். கணபதி பகுதியில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில், ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் இருக்கும் மலிவான சில்லுகளுக்கு நிரல் எழுதுவதுதான் அவள் பிழைப்பு. அங்கே இடம் அத்தனை குறைவு. சில்லுக்குப் புரிகிற அடிமட்ட மொழியான அசெம்பிளியில்தான் எழுத வேண்டும். தோட்டத்து மோட்டாருக்கு எழுதினவள் மூளைக்கு எழுதப்போகிறாள். டாக்டர் ஒரே ஒரு எச்சரிக்கை சொன்னார். எத்தனை முறை தேடியது, எவ்வளவு நேரம் தேடியது என்று அவள் பார்க்கலாம். எதைத் தேடியது என்று பார்க்க முடியாது. அது முத்திரை போட்டுப் பூட்டியிருக்கிறது.

"வாய்ல இருந்து வந்தா அது ஊருக்கு. வராத வரைக்கும் அது அவரோடது. சட்டம் அப்படி. அவரே கட்டைவிரல் வெச்சுத் தெறந்தாத்தான் உண்டு."

வீட்டுக்கு வந்ததும் வான்மதி, முத்திரையைத் திறக்கிற தொடுதிரைப் பலகையை அவன் முன்னால் நீட்டினாள். குகன் அதைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் மூடிக்கொண்டான்.

அவளுக்குச் சுருக்கென்றது. என்னிடம் மறைக்க அப்படி என்ன இருக்கிறது?

இருக்கலாம். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வருஷமாக நல்ல பேச்சே இல்லை. போன வருஷம் உடுமலை ஆஸ்பத்திரியில் அவள் அப்பாவுக்கு மூச்சு முட்டியபோது, அவள் தம்பி முதலில் குகனைத்தான் கூப்பிட்டான். அன்றைக்கு வான்மதி எழுதிய புது ஸ்டார்ட்டருக்குப் பெரிய சோதனை. அதில் தேறினால் பதவி உயர்வு. சோதனை முடியட்டும், சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று குகன் அந்தச் செய்தியைத் தன்னிடமே வைத்துக்கொண்டான். மத்தியானமே அப்பா போய்விட்டார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டபோது, "உன் நல்லதுக்குத்தான் பண்ணுனேன்," என்றான். அடுத்தடுத்துக் கேட்டபோதும் அதையேதான் சொன்னான். ஒருநாள் அவள் கேட்பதை நிறுத்தினாள். அவன் மாடி அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டான். பிரிந்துபோவதைப் பற்றி வக்கீலிடம் பேசலாமென்று அவள் நினைத்திருந்த வாரத்தில்தான் அவன் மாடிப்படியில் விழுந்து கிடந்தான்.

இப்போது அவனை விட்டுப் போகவும் முடியாது. அவனோடு பேசவும் முடியாது. வெள்ளிக்கிழமை சில்லை எடுத்துவிட்டால், அந்த ஒரு கேள்விக்கு வேறு பதில் கிடைக்கவே போவதில்லை. "உன் நல்லதுக்குத்தான் பண்ணுனேன்" என்பதே கடைசிப் பேச்சாக நின்றுபோகும்.

செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து உட்கார்ந்தாள். கம்பெனி வைத்துவிட்டுப் போன நிரலைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஏழு வருஷப் பேச்சை ஒரு எழுத்து, ஒரு எழுத்தாக நகர்ந்து, ஒவ்வொரு இடத்திலும் முதலிலிருந்து ஒப்பிட்டுக்கொண்டு வந்தது. அதுவும் பழையதிலிருந்து ஆரம்பித்து. ஒரு வாய் தண்ணீர் கேட்க, கல்யாண நாளிலிருந்து தேடத் தொடங்கினால் சூடாகாமல் என்ன செய்யும்? அவள் திசையை மாற்றினாள். புதியதிலிருந்து பழையதை நோக்கித் தேடச் சொன்னாள். மனுஷன் நேற்றுச் சொன்னதைத்தானே இன்றைக்கும் சொல்லப்போகிறான்.

அடுத்தது தாவல். தமயந்தி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, திரையில் எறும்பு வரிசைபோல ஓடிய குறியீடுகளைப் பார்த்து, இது என்ன கண்ணு, யாருக்கு விளங்கும் என்றாள். வான்மதிக்கும் வாய்விட்டு யாரிடமாவது சொன்னால் தேவலை என்றிருந்தது.

"அண்ணி, ஒரு வார்த்தையைத் தேடறப்ப மொத எழுத்துல இருந்து பாக்க வேண்டியதில்ல. அந்தண்ட முனையில இருக்கற எழுத்தை மொதல்ல பாக்கணும். நம்ம வார்த்தையில இல்லாத எழுத்து அங்க இருந்துச்சுன்னா, நடுவுல எதையும் பாக்காம வார்த்தை நீளத்துக்கு அப்படியே தாண்டிரலாம்."

தமயந்தி கொஞ்சம் யோசித்தாள். "பொண்ணு பாக்கப் போனா எங்க மாமியா நேரா கொல்லைப்பக்கம் போவாங்க. அங்க குப்பையாக் கெடந்தா பஜ்ஜி கூடத் திங்காம திரும்பிருவாங்க. அது மாதிரியா?"

"அதேதான் அண்ணி."

"என்னைப் பாக்க வந்தப்ப மட்டும் எப்படித் தப்பிச்சேன்னு இன்னும் தெரியல," என்று தமயந்தி சொன்னாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு பேர் சிரித்தார்கள். கட்டிலில் இருந்த குகனும் உதட்டைக் கோணினான். பிறகு அவன் பார்வை வான்மதியின் மேலேயே நின்றது. வாய் திறந்தது. கடிகாரம் கிணுகிணுத்தது.

அவள் புதிய நிரலைச் சில்லுக்கு அனுப்பினாள். தண்ணி கேட்டான், உடனே வந்தது. ஃபேனைக் குறைக்கச் சொன்னான், வந்தது. அக்காவைக் கூப்பிட்டான், வந்தது. தேடும் நேரம் நாலில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. தமயந்தி சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றாள். மத்தியானம் மறுபடியும் கடிகாரம் கிணுகிணுத்தது. அதே சூடு. துளிகூடக் குறையவில்லை.

புதன்கிழமை முழுவதும் அவள் திரும்பத் திரும்பச் சுழலும் அந்தத் தேடல் லூப்பை இழைத்தாள். ஒரு கட்டளை குறைத்தாள், இன்னொன்றை இடம் மாற்றினாள். கணக்குப் போடும்போது எண்களை வைத்துக்கொள்ளச் சில்லில் கைவசம் இருந்தவை நாலே நாலு ரெஜிஸ்டர். நாலு கிண்ணத்தை வைத்துக்கொண்டு கல்யாண விருந்து பரிமாறுகிற கதை. இனிக் குறைக்க ஒன்றுமில்லை என்கிற இடத்துக்கு வந்த பிறகும் சூடு ஏறிக்கொண்டேயிருந்தது. அறுவை அறைக்கு நாள் குறித்தாயிற்று என்று ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது. அதைப் படித்துவிட்டுக் குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

முகம் கழுவிக்கொண்டு வந்து கணக்கைப் பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. சாதாரணத் தேடல்கள் ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு வந்தன. சூடு ஏறிய நேரங்களில் மட்டும் தேடலுக்கான அழைப்பு சடசடவென்று அடுத்தடுத்து வந்திருந்தது. ஒன்று முடிந்ததும் இன்னொன்று, அது முடிந்ததும் இன்னொன்று.

இது அவளுக்குத் தெரிந்த வியாதி. தோட்டத்து ஸ்டார்ட்டரில் சுவிட்சை ஒரு தடவை அழுத்தினால், உள்ளே தகடு துள்ளி, பத்துத் தடவை அழுத்தினதுபோலச் சில்லுக்குத் தெரியும். பத்தையும் நம்பினால் மோட்டார் புகைந்துவிடும். அதனால் பம்ப் கம்பெனியில் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக்கொடுப்பார்கள்: முதல் தட்டை நம்பு, அடுத்துத் தொடர்ந்து வருவதையெல்லாம் குப்பையில் போடு. வான்மதி தூக்கத்தில்கூட எழுதுவாள். எழுதினாள். ஒரு தேடல் வீணாகப் போனதும் அதே அழைப்பு மறுபடி வந்தால் காதில் வாங்காதே. கொஞ்ச நேரம் கதவைச் சாத்திவை.

சாயங்காலத்துக்குள் சூடு இறங்கிவிட்டது. கடிகாரம் சத்தமே போடவில்லை. டாக்டர் எண்களைப் பார்த்துவிட்டு, பம்ப் கம்பெனியை விட்டுவிட்டு எங்களிடம் வந்துவிடு என்று செய்தி அனுப்பியிருந்தார். அறுவையையும் ரத்து செய்கிறேன் என்றார். அன்றைக்கு அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

வியாழக்கிழமை குகன் பேசவில்லை.

தண்ணீர் கேட்கவில்லை. காபியைத் தள்ளி வைத்தான். மத்தியானச் சாப்பாட்டுத் தட்டைப் பார்க்கவேயில்லை. வான்மதி அருகில் போனால் வாயைத் திறப்பான். ஒரு நொடி காத்திருப்பான். பிறகு யாரோ முகத்தில் அடித்ததுபோலக் கண்களை மூடிக்கொள்வான். ஒருமுறை காதோரத்தைக் கையால் ஓங்கிக் குத்திக்கொண்டான். தமயந்தி பாய்ந்து பிடித்திருக்காவிட்டால் தழும்பு பிளந்திருக்கும்.

"மெஷினு சில்லுனு இருக்குது சரி," என்றாள் தமயந்தி. "எந்தம்பி எங்க கண்ணு?"

வான்மதி அவன் காதோரத்தைத் தொட்டுப் பார்த்தாள், குளிர்ந்துதான் இருந்தது. அவனைப் பார்க்கப் பார்க்கப் பயமாயிருந்தது. பிழைத்து வந்த இந்த ஏழெட்டு மாதத்தில் அவன் கண்ணில் இப்படி ஒரு விரக்தி வந்ததில்லை. டாக்டரைக் கூப்பிட்டாள். என்ன செய்தாய், ஒன்று விடாமல் சொல் என்று அவர் கேட்டார். அவள் தாவலைச் சொன்னாள், திசையைச் சொன்னாள், கடைசியில் சுவிட்ச் துள்ளலையும் அதற்குத் தான் போட்ட கதவையும் சொன்னாள்.

கதவு என்றதும் டாக்டர் குறுக்கிட்டார்.

"வான்மதி, அங்க சுவிட்ச் எங்க இருக்குது?"

அவளுக்குப் புரியவில்லை.

"அது நரம்பும்மா. தகடு இல்ல, துள்ளறதுக்கு. தானா ரெண்டாவது தடவ தட்டாது. பத்துத் தடவ அழைப்பு வந்துச்சுன்னா அந்த மனுஷன் பத்துத் தடவ கேட்டிருக்கார்னு அர்த்தம்."

பேச்சு முடிந்த பிறகும் அவள் அப்படியே நின்றாள். கேட்டுக் கேட்டுக் கிடைக்காமல் மறுபடி கேட்டிருக்கிறான். அந்தக் கதவை அவள்தான் அவன் மூஞ்சியில் சாத்தியிருக்கிறாள். கிடைத்திருந்தால் முதல் தடவையிலேயே நின்றிருக்குமே. இல்லாத சொல்லுக்குத்தான் தேடல் புதியதிலிருந்து பழையது வரை, ஏழு வருஷத்தையும் முழுக்க நடந்து தீர்க்கும். எத்தனை வேகமாகத் தாவினாலும் முழுத் தூரத்தையும் தாவியாக வேண்டும். தேடலை ஓட்டிப் பார்த்தபோதெல்லாம், இருக்கிற சொற்களைக் கொடுத்தே பார்த்தாள். இல்லாததைத் தேடிப் பார்க்க அவளுக்குத் தோன்றவேயில்லை.

பலகையை எடுத்துக்கொண்டு போய் அவன் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தாள்.

"நாந்தான் சாத்துனேனுங்க. எனக்குத் தெரியல. தெறந்து விட்டர்றேன். ஆனா மறுபடி சூடாகும், நாளைக்கே எடுத்துருவாங்க. எந்த வார்த்தைன்னு தெரிஞ்சா எதாவது பண்ணுவேன். என்னவா இருந்தாலும் பரவாயில்ல. வேற யாரோட பேரா இருந்தாலும் சரி."

கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் குகன் அவளை வெறித்துப் பார்த்தான். பிறகு மெதுவாக, மடக்கி வைத்திருந்த கட்டைவிரலை நீட்டிப் பலகையில் வைத்தான். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

முத்திரை திறந்தது. திரையில் வரிசையாக வந்தது எல்லாம் ஒரே தொடக்கம். இட்லி சாப்பிட்ட காலையில் அதுதான். அண்ணி சிரிக்க வைத்தபோதும் அதுதான். மீதியை அவளே சேர்த்துப் படித்தாள்.

மன்னிச்சிரு.

அவள் அவனுடைய ஏழு வருஷத்தையும் தன் கணினியில் போட்டுத் தேடினாள். 'சாரி'கள் ஏராளமாக இருந்தன. பஸ்ஸில் காலை மிதித்ததற்கு, கூட்டத்துக்குத் தாமதமாகப் போனதற்கு. அவற்றில் ஒன்றை எடுத்திருந்தால் சில்லு சூடாகியே இருக்காது. அவன் எடுக்கவில்லை. அவன் கேட்ட சொல் மட்டும் எங்கேயும் இல்லை. யாரிடமும், ஒரு தடவைகூட, அவன் அதைச் சொன்னதில்லை.

வான்மதி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். அவன் கை வந்து அவள் தலையில் பட்டது.

டாக்டரிடம் சொன்னபோது, அவருக்கு வழி சுலபமாகத் தெரிந்தது. வேறொரு ஆளின் பேச்சிலிருந்து அந்தச் சொல்லை வெட்டி எடுத்துச் சேமிப்பில் ஒட்டிவிடலாம். குரல் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். வான்மதி குகனைக் கேட்டாள். அவன் தலையை அசைத்து மறுத்தான். இன்னொருவன் யாரிடமோ கேட்ட மன்னிப்பு அவனுக்கு வேண்டாம். சரி, எனக்குத்தான் தெரிந்துபோயிற்றே, இனி அதைச் சொல்ல முயற்சிக்காமல் இருக்க முடியுமா என்று கேட்டாள். முடியும் என்று தலையசைத்தான். தலையசைத்துக்கொண்டிருக்கும்போதே கடிகாரம் கிணுகிணுத்தது. அவள் கதவைத் திறந்துவிட்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை. சூடு திரும்பிவிட்டதால் ரத்தான அறுவையை டாக்டர் மறுபடி குறித்திருந்தார்; பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். தமயந்தி பையில் துணிமணி அடுக்கிக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள்.

வான்மதி நிரலைத் திறந்து, தேடல் தொடங்குவதற்கு முந்தைய வரியில் போய் நின்றாள். அங்கே செய்ய வேண்டியது அவளுக்குத் தெரிந்துவிட்டது. நாலே நாலு கட்டளைகள். வந்திருப்பது அந்தச் சொல்லா என்று ஒப்பிடு. ஆமென்றால் சேமிப்புப் பக்கமே போகாதே. கிடைத்தது என்று சொல்லித் திரும்பிவிடு. சொல் கிடைத்ததும் சில்லு எப்போதும்போல அவன் காதுக்குள் ஒரு சின்ன 'டக்' ஒலி கொடுக்கும். நாக்குக்கு எதுவும் போகாது. ஆனால் அவன் காத்திருக்க மாட்டான், மறுபடி கேட்க மாட்டான், சூடாகாது.

முதல் மூன்றையும் எழுதிவிட்டாள். நாலாவதில் கை நின்றது.

கிடைக்காததைக் கிடைத்ததென்று அவள் ஒருநாளும் எழுதியதில்லை. தண்ணீர் இல்லாத கிணற்றில் இருக்கிறதென்று எழுதினால் மோட்டார் எரிந்துபோகும். இங்கே எரிய ஒரு மனுஷன் இருக்கிறான். பொய்யாக எழுதினால் அது அவனைக் காப்பாற்றுவதற்கான பொய். அவள் நல்லதுக்குத்தான் என்று அவன் அன்றைக்குச் செய்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? எழுதினால் அது உண்மையாக இருக்க வேண்டும்; அவன் கேட்கிற மன்னிப்பு அவளிடம் நிஜமாகவே அவனுக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

அப்பாவை நினைத்தாள். பச்சைத் துணி விரித்த கட்டில். வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று தம்பி சொன்னது. அதை நினைக்காமல் இருக்க ஒரு வருஷமாக எவ்வளவு பாடுபட்டிருக்கிறாள். இன்றைக்கு முழுக்க நினைத்தாள். வலி குறையவில்லை. ஆனால் அந்த வலிக்குப் பக்கத்தில், காது பொசுங்கப் பொசுங்க, இல்லாத ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பத் தேடிக்கொண்டிருந்த இன்னொருவனும் வந்து நின்றான். அவனைப் போ என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

கிடைத்தது என்று நாலாவது வரியை எழுதி, சில்லுக்கு அனுப்பினாள்.

"அண்ணி, பையைக் கொஞ்சம் அங்கயே வெய்ங்க," என்றாள். நாற்காலியை இழுத்து அவனுக்கு நேர் எதிரே போட்டுக்கொண்டாள். "இப்பச் சொல்லுங்க."

அவன் தயங்கினான். வாய் திறந்தது. உதடுகள் ஒட்டி, பிரிந்தன. சத்தமில்லை. பழக்கத்தில் அவன் கை காதோரத்துக்குப் போயிற்று, சூட்டை எதிர்பார்த்து. அப்படியே நின்றது. உள்ளே அந்த 'டக்' கேட்டிருக்க வேண்டும். அவன் கண்கள் அகலமாகி, நம்ப முடியாமல் அவள் முகத்தில் வந்து நின்றன.

கடிகாரம் சும்மா இருந்தது.

"ம்," என்றாள் வான்மதி. "சரிங்க."